கறுப்பா, மரமா?

ஜூன் 2, ஞாயிறு

வக்கீல் திலகவதி மேடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே தெரியாது போலிருக்கிறது. பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது போன்.

"அம்மிணி, இருபத்தெட்டாந் தேதி வெள்ளிக்கெழம குடும்பக் கோர்ட்டு. ரெண்டு பேரும் ஜட்ஜ் முன்னால நின்னு சம்மதம்னு சொல்லீட்டா முடிஞ்சுது. வீடு, காரு, நகை எல்லாம் பிரிச்சாச்சு. அந்தத் துப்பாக்கி ரெண்டுதான் இழுத்துட்டுக் கெடக்குது. எது வேணும்னு சொல்லீருங்களேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"வசு மொதல்ல எடுத்துக்கட்டும், மிச்சம் எதோ அது எனக்குங்கறாரு. தங்கமான மனுசனுங்க."

தங்கம்! அந்தத் தங்கத்தோடு பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும். எந்தப் படத்துக்குப் போகலாம் நந்து? உன் இஷ்டம் வசு. சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்? உன் இஷ்டம் வசு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு சண்டை. சண்டை என்ன சண்டை, நான் மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தேன். "அப்பப் பிரிஞ்சர்லாமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துவிட்டு, "உன் இஷ்டம் வசு" என்றான். பெட்டியை எடுத்துக்கொண்டு பீளமேட்டில் அவன் நண்பன் வீட்டு மாடிக்குப் போய்விட்டான். சரி, என் இஷ்டம்தானே என்று நானும் வக்கீலைப் பார்த்தேன். வேறென்ன செய்வது?

துப்பாக்கி விஷயத்தை அப்படி அவசரப்பட்டு முடிக்கப்போவதில்லை. நான் மோட்டார் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறவள். இரண்டையும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன். கோர்ட் வேண்டுமானால் காத்திருக்கட்டும்.

ஜூன் 3, திங்கள்

தூக்கம் வரவில்லை. எழுந்து பீரோவைத் திறந்து இரண்டையும் கட்டில்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, காற்றுதான். உள்ளே ஒரு சின்ன சிலிண்டர் இருக்கிறது. முரட்டுக் கைப்பம்ப் ஒன்றை வைத்து மூச்சு முட்ட அதில் காற்றை ஏற்றிவிட்டால் முப்பது நாற்பது தடவை சுடலாம். இரண்டும் குட்டை ரகம், கிரிக்கெட் மட்டையைவிடக் கொஞ்சம் உயரம் குறைவு. ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டே போய்விடலாம். ஆறரை வருடத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் வாங்கியது.

என்னுடையது முழுக்கக் கறுப்பு. டிரிக்கர் முன்னால் இருக்கும், மற்ற சமாச்சாரமெல்லாம் பின்னால், கன்னத்துக்குக் கீழே. நந்துவுடையது பழைய பாணியில் வால்நட் கட்டை போட்டது, குழாய் மட்டும் குட்டை. கறுப்பு, மரம் என்றுதான் வீட்டில் பேர். அவன் போனபிறகு மரத்தை யாரும் தொடவில்லை. கட்டையில் தூசி. துடைத்தேன். சோதனைக்கு முன் துடைக்கத்தானே வேண்டும்.

ஜூன் 5, புதன்

பம்பு ஹோஸில் காற்று ஒழுகுகிறது. ரப்பர் வாஷர் போயிருக்கும். வேறு வழியில்லாமல் நந்துவுக்குப் போன் செய்ய வேண்டியதாயிற்று.

"வாஷர் எங்க?"

"ஷூ ரேக்குக்கு மேல, நீல டப்பால. போடறப்ப கிரீஸ் தடவிக்க."

"சாப்ட்டாச்சா?"

"ஆச்சு."

அவ்வளவுதான். நீல டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. கடையில் கேட்டிருந்தால் கடைக்காரன் வேறு சைஸ் கொடுத்துத் தொலைத்திருப்பான்.

ஜூன் 9, ஞாயிறு

முதல் சோதனை. பம்ப் அடித்தே பாதி உயிர் போய்விட்டது. முன்பெல்லாம் நான் பம்பைத் தொட்டதே இல்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. ஞாயிற்றுக்கிழமை மேட்சில் தோற்கிறவர்தான் அடுத்த வாரத்துக்கு இரண்டு துப்பாக்கிக்கும் காற்று ஏற்ற வேண்டும். ஐந்து வருடமும் நந்துதான் ஏற்றினான். பாவம், சுவரையே குறி வைத்தாலும் அவனுக்குத் தள்ளித்தான் விழும்.

சோதனையை ஒழுங்காகச் செய்தேன். ஒரே மேசை, ஒரே மணல் மூட்டை, இருபத்தைந்து மீட்டரில் ஒரே மாதிரி அட்டை, ஒரே டப்பா பெல்லட் குண்டு. துப்பாக்கி மட்டும்தான் மாற வேண்டும், மற்றது எதுவும் மாறக்கூடாது. கம்பெனியில் புதிதாகச் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது.

கறுப்பு ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் போட்டது. மரம் உள்ளங்கை அகலத்துக்கு வாரி இறைத்தது. மறுபடி சுட்டேன். அதே கதை. பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது, அது அடங்கும்வரை காத்திருந்தும் சுட்டேன். மாற்றமில்லை.

ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் ஜமீலா அட்டைகளை எடுத்துவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "வசுக்கா, அப்ப கறுப்புத்தானே? எழுதிக் குடுத்தர்லாமில்ல?"

"ஒரு நாள் சோதனைல முடிவு எடுக்க முடியுமா? என்ன பேசற நீ" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஜூன் 10, திங்கள்

தோள் வலி. ரசத்தில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். நானே சாப்பிட்டேன்.

ஜூன் 12, புதன்

ஆபீஸில் உட்கார முடியவில்லை. தலைவலி என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு ரேஞ்சுக்குப் போனேன். யாருமில்லை, ஜமீலா மட்டும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். மரம் மறுபடியும் வாரி இறைத்தது. "சனியன், இதையா அஞ்சு வருசம் தூக்கிட்டுத் திரிஞ்சான்" என்று சத்தமாகத் திட்டினேன்.

ஜமீலா சிரித்தாள். "அதுக்கு அந்தப் பெல்லட்டு சேராதுக்கா. அண்ணன் கனமான பெல்லட்டுல்ல போடுவாரு?"

"எந்த அண்ணன்?"

"நந்து அண்ணன்தான். அப்பெல்லாம் புதன்கெழமையானா காலேஜ் முடிச்சுட்டு வந்துருவாரே. டப்பாவ இங்கயேதான் வெச்சிருப்பாரு." எழுந்துபோய் அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த டப்பா ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்போதுதான் அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். "உங்களுக்குத் தெரியுமின்னு நெனச்சேன்" என்று இழுத்தாள்.

புதன்கிழமைகளில் காலேஜில் பையன்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுப்பதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தான். துப்பாக்கி இருந்த பீரோவை நான் திறப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்.

அந்தக் கனமான பெல்லட்டை மரத்தில் போட்டுச் சுட்டேன். ஐந்தும் ஒரே ஓட்டை. நம்பாமல் இன்னொரு அட்டை. ஒரே ஓட்டை. கறுப்பில் போட்டுப் பார்த்தால் அது கன்னாபின்னாவென்று போகிறது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு பெல்லட்தான் ஒத்துப்போகும் என்று யாரோ எப்போதோ சொல்லி நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் வீட்டுக்குப் பெல்லட் வாங்குகிறவள் நான்தான். என் கறுப்புக்கு எது பிடிக்கும் என்று பார்த்து ஒரே ரகமாக டஜன் கணக்கில் வாங்கிப் போட்டேன். உனக்கும் இதுவே போதுமா நந்து என்று கேட்டேன். என்ன பதில் வந்திருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

ஜூன் 13, வியாழன்

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. நல்ல பெல்லட்டை அலமாரியில் ஒளித்துவைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் என் எதிரில் நின்று தோற்றிருக்கிறான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆடியிருக்கிறேன். அவன் மாமா வீட்டு விசேஷத்தில் நாலு பேர் நடுவில் "இவருக்கு மாட்டுக் கொட்டகைக் கதவைக் காட்டினாலும் அடிக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இவனுக்கு? விட்டுக்கொடுத்துச் சமாதானம் பண்ண நான் என்ன கைக்குழந்தையா?

போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். கடைசியில் பாத்ரூம் டைல்ஸைத் தேய்த்துக் கழுவினேன்.

ஜூன் 15, சனி

வேறு மாதிரியும் யோசித்துப் பார்க்கலாம்.

பிடிக்காத பெண்டாட்டிக்காக ஒருத்தன் ஐந்து வருடம் தோற்பானா? வாராவாரம், வெயிலில், அந்த முரட்டுப் பம்பை இரண்டு தடவை அடித்துக்கொண்டு? எனக்குத் தெரிந்த எந்தப் புருஷனும் கேரம்போர்டில்கூட விட்டுக்கொடுக்க மாட்டான். இதையே நினைத்துக் காலையிலிருந்து வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கீழ்வீட்டுக்காரம்மா மேலே வந்து, என்ன கண்ணு, எலி ஏதும் வந்துருச்சா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது சமைத்து அனுப்பலாமா என்று தோன்றியது. சும்மா, ஒரு மரியாதைக்கு. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நின்றேன். அவனுக்கு என்ன பிடிக்கும்? எனக்குப் பிடித்த அரிசிம்பருப்பு சாதத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான். எனக்குப் பிடித்த கொள்ளு ரசத்தைக் குடிப்பான். வெகுநேரம் யோசித்தும் வேறெதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அடுப்பை அணைத்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

இன்று நியாயமான சோதனை. கறுப்புக்கு அதன் பெல்லட், மரத்துக்கு அதன் பெல்லட்.

கறுப்பு கையில் எடுத்ததும் தோளோடு ஒட்டிக்கொள்கிறது. எடை முழுக்க உடம்புப் பக்கம் என்பதால் நின்றுகொண்டு சுடக் கை வலிக்காது. ஆனால் பெல்லட் போடுவது தொல்லை, கன்னத்துக்குக் கீழே தடவித்தான் போட வேண்டும். சுடும்போது சத்தமும் காதுக்கருகிலேயே கேட்கும். டிரிக்கர் கொஞ்சம் அழுத்தம்.

மரம் முன்பாரம். நின்று சுட்டால் இடது கை நடுங்குகிறது. மேசையில் வைத்துவிட்டால் ராஜா மாதிரி உட்காருகிறது. டிரிக்கர் பஞ்சு. சத்தமே இல்லை. லீவர் கண்ணெதிரில் இருப்பதால் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த பெல்லட்டைப் போட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், கேட்டதெல்லாம் கொடுக்கிறது.

மேசையில் வைத்துச் சுட மரம்தான். சந்தேகமே இல்லை. நான் மேசையில்தான் சுடுகிறேன். அப்படியானால் மரத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று மேடத்துக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொல்லவில்லை. மரத்தைக் கேட்டால் அவன் என்ன செய்வான் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. தர மாட்டேன் என்று ஒரு சண்டை போட்டால்கூட நன்றாயிருக்கும்.

ஜூன் 20, வியாழன்

திலகவதி மேடமே கூப்பிட்டார். "என்னாச்சு அம்மிணி? ரெண்டு துப்பாக்கியில ஒண்ண எடுக்கறதுக்கு இத்தன நாளா?"

"சோதனை நடந்துட்டிருக்குதுங்க மேடம். அப்புறம், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அடுத்த வெள்ளிக்கெழம ஜட்ஜ் கேக்கறப்ப ஒருத்தரு சம்மதம் இல்லைன்னு சொல்லீட்டா என்னாகும்?"

"மனு தள்ளுபடி. அவ்வளவுதான். பழையபடி நீங்க ரெண்டு பேரும் புருசன் பெண்டாட்டி" என்றார். "ஏன் கண்ணு, அவரு எதாச்சும் சொன்னாரா?"

"ஐயோ, இல்லீங்க. சும்மா பொது அறிவுக்குத்தான் கேட்டேன்."

ஜூன் 21, வெள்ளி

நந்துவுக்கு மெசேஜ் போட்டேன். 'ஞாயிறு காலை ரேஞ்சுக்கு வா. துப்பாக்கி பற்றிப் பேசணும்.' 'சரி' என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

ஜூன் 22, சனி

பச்சைச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன். துவைத்தது அதுதான் இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

நிதானமாக எழுத முயல்கிறேன்.

எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டான். தாடி வைத்திருக்கிறான். இளைத்திருப்பான் என்று நினைத்தேன், இல்லை. முகம் தெளிவாக இருந்தது. நான் மேசையில் மரத்தை வைத்து, பக்கத்தில் கனமான பெல்லட் டப்பாவை மூடியைத் திறந்தே வைத்திருந்தேன். அவன் டப்பாவைப் பார்த்தான். ஜமீலாவைப் பார்த்தான். ஜமீலா அட்டை மாட்டப்போகிறேன் என்று நழுவிவிட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றான்.

"தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு ஒரு மேட்ச். நெசமாச் சுடு. விட்டுக்குடுத்தீன்னு வெச்சுக்க, இந்தக் கட்டையிலயே மண்டையப் பொளந்துருவேன்."

சிரித்துவிட்டான். கல்யாணமான புதிதில் இப்படிச் சிரிப்பான்.

அவன் சுடுவதை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்ததும் உடனே சுடவில்லை. எல்லைவேலி ஓரத்தில் நிற்கும் வேப்பமரத்தின் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்று நின்று இலை தொங்கியதும் ஒன்று. மறுபடி காத்திருந்தான். ஒன்று. எனக்குப் பொறுக்கவில்லை, காற்றாவது ஒன்றாவது என்று சடசடவென்று பத்தையும் சுட்டு முடித்துவிட்டேன். நாலு குண்டு காற்றோடு போனது. அவன் பத்தையும் முடித்தபோது அட்டை நடுவில் ஒரு சுண்டுவிரல் போகிற ஓட்டை, வேறு எங்கும் ஒரு கீறல் இல்லை.

நான் தோற்றதற்கு நானே கை தட்டினேன். அவன் காது சிவந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் அட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். என் புருஷனுக்கு இப்படி ஒரு முகம் உண்டா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தோத்தவதான் பம்ப் அடிக்கோணும்" என்று சொல்லி மரத்தில் ஹோஸை மாட்டினேன். அவன் மீட்டரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். அடித்துக்கொண்டே கேட்டேன். "ஏன் நந்து? எதுக்காக அஞ்சு வருசம் தோத்த?"

இந்த வாரம் முழுக்க அவனுக்குப் பதிலாக நானே நாலைந்து பதில்களை யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் நல்ல பதில்கள்.

"வாங்குன மொத வாரம் நாந்தான் ஜெயிச்சேன். ஞாபகம் இருக்குதா?"

"இல்ல."

"ஜெயிச்சேன். வீட்டுக்கு வந்ததும் சண்டை தொடங்குச்சு. துணி காயப்போட்டது சரியில்ல, எங்கம்மா போன் பண்ணுனது சரியில்லைன்னு. புதன்கெழம வரைக்கும் போச்சு. அடுத்த வாரம் நீ ஜெயிச்ச. சாயங்காலம் வரைக்கும் பாடிட்டு இருந்த." வேப்பமரத்தைப் பார்த்தபடி சொன்னான். "ஞாயித்துக்கெழம ஒரு நாளாச்சும் கம்முனு போகட்டும்னுதான் வசு."

கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கை பாட்டுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, போச்சாது விடு. இப்பக் கேக்கறேன், வாயத் தொறந்து சொல்லு. உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாத. உனக்கு என்ன வேணும்?"

"மரம் வேணும்."

"எடுத்துக்க. அப்புறம்?" என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "வெள்ளிக்கெழமைக்கு?"

இப்போது என்னைப் பார்த்தான். நேராகப் பார்த்தான்.

"நீ சம்மதம்னு சொல்லோணும் வசு. எனக்கு அதுவும் வேணும்."

நான் இன்னும் வேகமாகப் பம்ப் அடித்தேன்.

"உன்மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா இந்த ஒன்ற வருசமா நல்லாத் தூங்கறேன். பீளமேட்டு ரூம்ல என்ன கொழம்பு வெக்கலாம்னு நானே யோசிக்கறேன். அது எனக்குப் புடிச்சிருக்குது. நீ சம்மதமில்லைன்னு சொல்லீட்டீன்னா நான் மறுபடியும் வந்துருவேன், என்னால மறுத்துப் பேச முடியாது, என்னப் பத்தித் தெரியுமில்ல. அதனாலதான் இப்பவே கேக்கறேன்."

"போதும் வசு, போதும்" என்று அவன் என் கையைப் பிடித்தபோதுதான் பார்த்தேன். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போயிருந்தது. அவனே வால்வைத் திறந்து, கூடுதல் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டான்.

ஜூன் 24, திங்கள்

ஆபீஸ் போனேன். வந்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

மேடத்துக்குப் போன் செய்து கறுப்பு எனக்கு என்று சொல்லிவிட்டேன். "சோதனையில அதுதான் ஜெயிச்சுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 27, வியாழன்

நாளைக்கு நான் சம்மதமில்லை என்று சொல்லலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் சாயங்காலமே பெட்டியோடு வந்து நிற்பான். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளக்கூட மாட்டான். வந்து ஷூவைக் கழற்றிவிட்டு, என்ன சமையல் என்றுகூடக் கேட்காமல் சாப்பிட உட்காருவான். அதுதான் என்னைப் படுத்துகிறது. நான் மாறிவிடுவேன் என்று சொல்லிப் பார்க்கலாமா? யாரிடம் சொல்வது, சரி வசு என்று தலையாட்டுவான்.

மரத்துக்கு எண்ணெய் தேய்த்து உறையில் போட்டு வைத்தேன். வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஜூன் 28, வெள்ளி

கோர்ட் வராந்தாவில் கூட்டம். ஒரு பெஞ்சில் இரண்டு பேருமாக உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வேணுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜட்ஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணியிருக்கீங்களா, சம்மதமா என்று முதலில் அவனைக் கேட்டார். "சம்மதமுங்க ஐயா" என்றான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். அவன் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அப்புறம் என்னைக் கேட்டார். திலகவதி மேடம் என் முழங்கையைத் தொட்டார். நந்து என் பக்கம் திரும்பவில்லை, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. எனக்கு அவன் வேண்டும். இன்றைக்கும் வேண்டும். இதை இந்த நோட்டில் இப்போதுதான் எழுதுகிறேன்.

"சம்மதமுங்க" என்றேன்.

வெளியே வந்ததும் மேடம் காரில் வைத்திருந்த மரத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பன்னிரண்டு வருடத்தில் அவன் என்னிடம் வாய் திறந்து கேட்டது இரண்டே இரண்டுதான். இரண்டையும் கொடுத்துவிட்டேன்.